படத்தில் நாலாவது ஆள்

“ஐயா, பின்னால நிக்கிற இந்த அம்மாவை எடுத்துவிடவோ?” என்று ஸ்டூடியோக்காரி கேட்டார்.

காலி வீதியில், மாடிப்படிக்கு அடியில் செருகி வைத்ததுபோல் ஒரு ஸ்டூடியோ. உள்ளே லேமினேட் மெஷின் சூடேறும் மணம். கொம்பியூட்டர் திரையில், கூட நின்றவர்களை வெட்டியெடுத்த பிறகு, நீ நின்றாய் மச்சான், கம்பளித் தொப்பியும் உன் மகள் வாங்கித் தந்த கறுப்பு ஜாக்கெட்டுமாக. உனக்குப் பின்னால், உடம்பில் ஒரு நூல் இல்லாமல், குளித்துவிட்டுத் துவாயை எங்கே வைத்தேன் என்று தேடுகிற பாவனையில் ஒரு சலவைக்கல் தேவதை. உன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டூடியோக்காரிக்கு ஐம்பது வயதிருக்கும், நெற்றியில் திருநீறு. அம்புக்குறியை அந்த அம்மாவின் மேல் நேராக வைக்கக் கூச்சப்பட்டு, பக்கத்துச் சுவரில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

“அவ ஐரோப்பாவிலேயே பெரிய இடத்து ஆள் தங்கச்சி, மரியாதையா அனுப்பிவையுங்கோ” என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பல் டொக்டர் ஊசி போட்டபிறகு உதடு இருக்கும், அசையும், ஆனால் நம்முடையதாக இராதே, அப்படி ஒரு மாதமாக இருக்கிறேன். பகிடி தானாக வருகிறது. நாற்பது வருடம் காப்புறுதி விற்ற வாய், அதற்கு என் அனுமதி தேவையில்லை.

நீ போய் இன்னும் முப்பத்தோராம் நாள் சடங்கு முடியவில்லை. பாரிசில், மகள் வீட்டுக் குசினியில், காலைத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவ எழும்பினாயாம். கழுவவில்லையாம். உன் செத்தவீட்டை நான் வெள்ளவத்தையில் இருந்து போனில் பார்த்தேன். உன் பெட்டியை மூடுகிற நேரம் பார்த்து காஸ் சிலிண்டர் கொண்டுவந்த மனிதர் மணி அடித்தார். போனைச் சாப்பாட்டு மேசையில் சாத்தி வைத்துவிட்டுப் போய், வெறும் சிலிண்டரைக் கொடுத்து நிறைந்ததை வாங்கி, கசிகிறதா என்று சவர்க்கார நுரை போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். பெட்டியைக் கொண்டுபோயிருந்தார்கள். திரையில் காலிக் கதிரைகள். அதையும் கடைசிவரை பார்த்தேன்.

பாரிசில் செத்தாலும் நினைவு அட்டை வெள்ளவத்தையில்தான் அடிக்க வேண்டும் என்பது உலக நியதி. லண்டனில், டொரொன்டோவில், சூரிச்சில் எங்கள் ஆட்கள் கண்ணை மூடினால் முதலில் தெரியவருவது யமனுக்கு அல்ல, காலி வீதி அச்சகக்காரருக்குத்தான். உன் மகள் அழைத்து, பாரிசில் கொடுப்பதற்கும் கொட்டாஞ்சேனைச் சொந்தக்காரருக்குக் கொடுப்பதற்கும் நினைவு அட்டை அடித்து, வருகிற யாரிடமாவது பாரிஸ் பங்கைக் கொடுத்தனுப்பச் சொன்னாள். உன் கடைசிக் காலப் படமெல்லாம் என் போனில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

“எந்தப் படம் எண்டாலும் போடுங்கோ மாமா. அந்த மூண்டு பேர் நிண்ட படத்தை மட்டும் போட்டிடாதேங்கோ. அதை நான் இனிப் பாக்கவும் மாட்டன்.”

எது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

*

நீயும் நானும் ஐரோப்பாவின் கலைச் செல்வங்களைக் கரைத்துக் குடித்த கதையை நான் இங்கே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும் ஒவ்வொரு தடவையும் மியூசியத்தின் நீளம் ஒரு மைல் கூடும். இப்போது அது தெஹிவளையில் தொடங்கி வத்தளைக்கு அந்தப் பக்கம் முடிகிறது. உண்மை உனக்குத் தெரியும். உன் மனைவி போனபிறகு மகள் உன்னைக் கூப்பிட்டாள். தனியே பிளேன் ஏறமாட்டேன் என்று நீ பிடிவாதம் பிடித்ததால் நானும் வந்தேன். வந்து இறங்கியது நல்ல குளிர்காலம். மகளும் மருமகனும் விடிய வேலைக்குப் போய்விட, ஆறாம் மாடியில் இரண்டு கிழட்டு மனிதர்கள் ஹீட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே இறங்கினால் அடுத்த கேள்வி, எங்கே ஒதுங்குவது. உலகத்துக்கே நாகரிகம் படிப்பித்த நகரத்தில் நம் வயதுக்காரருக்கு அவசரத்துக்கு ஓர் இடம் கிடையாது. அதைக் கண்டுபிடித்தவன் நீ. மியூசியத்துக்குள்ளே சூடு இருக்கிறது, சாய்ந்திருக்க வாங்கு இருக்கிறது, டொய்லெட் இருக்கிறது, அதுவும் ஒவ்வொரு மாடியிலும் இருக்கிறது என்றாய். அன்றிலிருந்து நாம் இருவரும் கலா ரசிகர்கள்.

எல்லோரும் பார்க்கத் துடிக்கிற அந்தச் சின்னப் படத்தையும் பார்த்தோம். தீபாவளிக்கு முதல்நாள் புறக்கோட்டை போல சனம். நான் எம்பிப் பார்த்ததில் நூறு போன்களுக்குள் அந்தப் பெண்ணின் நூறு சின்ன முகங்கள் தெரிந்தன, அசல் தெரியவில்லை. நீ எம்பவே இல்லை. வரிசையை ஒருதரம் பார்த்துவிட்டு, “இந்தச் சனத்துக்கு ரெண்டு வாசல் காணாது” என்றாய். துறைமுகத்தில் வாழ்நாள் முழுக்கக் கப்பலால் இறங்கும் மூட்டை எண்ணிய மனிதனுக்கு அதுதான் கலை விமர்சனம்.

நீ எண்ணாத படம் ஒன்றுண்டா? ஒரு பெரிய போர்க்களப் படத்துக்கு முன்னால் வாங்கில் இருந்து, குதிரை வேறு, ஆள் வேறு என்று விரல் மடித்தாய். நடுவில் நிறுத்தி, கீழே விழுந்து கிடப்பவர்களைச் சேர்ப்பதா விடுவதா என்று உனக்கே ஒரு சந்தேகம் வந்தது. செத்தவர்களும் சம்பளத்துக்கு வந்தவர்கள்தானே, சேர் என்றேன். “இல்லை மச்சான். செத்த ஆள் எண்ணிக்கைக்கு வராது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு முதலில் இருந்து தொடங்கினாய்.

ஞாயிறுகளில் மகள் கூட வருவாள். மருமகனுக்கு ரெஸ்டோரண்டில் ஞாயிறும் வேலை. முதல் ஞாயிறே அவள் போனை நீட்டி, மூன்று பேரும் நில்லுங்கோ ஒரு படம் எடுப்போம் என்றதும் நீ ஏதோ சுடுதண்ணி பட்டவன் மாதிரி விலகினாய். மூன்று பேர் நின்று படம் எடுக்கக்கூடாது, நடுவில் நிற்கிற ஆள் போய்விடும் என்றாய். விமானம் ஏறி, மெட்ரோ ஏறி, மனிதன் செய்த அத்தனை அழகும் சேர்த்து வைத்த மண்டபத்தில் வந்து நின்றுகொண்டு இதைச் சொன்னாய். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு நீயே வழியும் கண்டுபிடித்தாய். சுற்றும் முற்றும் பார்த்து, ஒரு சிலையைக் கையால் காட்டி, அதையும் சேர்த்து எடு, நாலாகிவிடும் என்றாய்.

அதற்குப் பிறகு நீ வகுத்த சட்டங்களை பிரெஞ்சு அரசாங்கம் அறிந்திருந்தால் உனக்கு ஒரு பதக்கமும் ஒரு பென்ஷனும் நிச்சயம். மாடிப்படி உச்சியில் சிறகு விரித்து நிற்கும் அந்தத் தலையில்லாத பெரிய சிலைக்குக் கீழே நாம் மூவரும் நின்றபோது எழுந்த வழக்கு ஒன்று போதும். புதுக்கடையில் அத்தனை நீதிமன்றமும் கூடினாலும் தீர்க்க முடியாதது அது.

“தலையில்லாததை எப்பிடியப்பா ஆளாக் கணக்கெடுக்கிறது?” என்றாள் மகள்.

“எங்கட கந்தோரில தலையில்லாமல் எத்தனை பேர் சம்பளம் எடுத்தவங்கள்” என்றேன் நான்.

நீ யோசித்துவிட்டு, தலை இல்லை ஆனால் சிறகு இருக்கிறது, சிறகு இருந்தால் அது மனிதர் இல்லை, ஆகவே இரண்டு வழியிலும் தள்ளுபடி என்றாய். நாம் படி இறங்கி வேறு ஆள் தேடப் போனோம். முழுத் தலையும் திறந்த கண்ணும் உள்ள ஆள் என்று தேடினால் அந்த ஊரில் அகப்படுவதெல்லாம் உடுப்பில்லாத பெண்கள். அப்படித்தான் மச்சான், வெள்ளவத்தை இந்துவான நீ, பூசை தவறாத நீ, உன் கடைசிக்காலப் படங்கள் அத்தனையிலும் ஒரு அம்மணத் தேவதையோடு நிற்கிறாய். உன் அட்டைக்குத் தேவாரம் அடிக்க வேண்டிய மனிதன் நான், உன் பின்னால் நிற்கிறவளை எங்கே அனுப்புவது என்று ஒரு காலை முழுக்க ஸ்டூடியோவில் இருந்தேன்.

*

ஸ்டூடியோக்காரி கெட்டிக்காரிதான். தேவதையைத் துடைத்தார். பின்னால் நீலம் பூசினார். கம்பளித் தொப்பியைக் கழற்றித் தலைமயிர் நட்டார். ஜாக்கெட்டைக் கழற்றிக் கோட்டு, சூட்டு, கழுத்துப்பட்டி போட்டுவிட்டார். எல்லாம் முடிந்ததும் திரையில் ஒரு வங்கியின் பணிப்பாளர் வந்து நின்றார். வேறொரு படத்தை எடுத்து அதையும் துடைத்தோம், இன்னொரு பணிப்பாளர் வந்தார். உடுப்பில் பிழையில்லை என்று கொஞ்ச நேரத்தில் விளங்கியது. ஒவ்வொரு படத்திலும் நீ வாய்க்குள் எண்ணிக்கொண்டு நிற்கிறாய். நாலாவது ஆள் சரியாக விழுந்திருக்கிறதா என்ற கவலையில் முகம் இறுகிக் கிடக்கிறது. ஆளை எடுத்துவிட்டாலும் கவலை இருக்கிறது.

“வேற படம் ஒண்டும் இல்லையோ ஐயா? சிரிச்சமாதிரி?” என்றார் அவர்.

இருக்கிறது. போனில் அதைத் திறந்தேன். அதைத் திறக்கும்போது ஏதாவது நடக்கும் என்று நினைத்திருந்தேன். நெஞ்சு அடைக்கும், கண் கலங்கும், அப்படி ஏதாவது. ஒன்றும் நடக்கவில்லை. விரலால் தள்ளினேன், வந்தது.

நான் ஊர் திரும்ப முதல் கடைசி ஞாயிறு. முந்திக் காலத்தில் ரயில் நிலையமாக இருந்த அந்த மியூசியம். பெரிய மணிக்கூட்டுக்கு அப்பால் ஒரு சின்ன அறையில், சுவரில் ஒரு படம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. வேறு ஊர்க் கண்காட்சிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று மகள் பக்கத்துத் துண்டை வாசித்துச் சொன்னாள். மேலே விளக்கு மட்டும் அந்த வெறுமையை அக்கறையாகக் காட்டிக்கொண்டிருந்தது. உடனே நான் வழிகாட்டியாக மாறினேன். இதுதான் இந்த மண்டபத்திலேயே விலை கூடின படம், பெயர் ‘மின்வெட்டு நேரத்தில் கொட்டாஞ்சேனை’ என்றேன். இடது மூலையில் தெரிவது மாதா கோயில், நடுவில் நுளம்புத்திரி, வலப் பக்கம் இருட்டுக்குள் உன் மாமியார் உன்னைத் தேடுகிறார் என்று விரலால் காட்டினேன். நீ சிரித்தாய். வழக்கமாக நீ சிரிப்பது மூக்கால் ஒரு மூச்சு, அவ்வளவுதான். அன்று வாய் திறந்து, கண் மூடி, தோள் குலுங்கச் சிரித்தாய். மகள் உன் கையைப் பிடித்திழுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் விட்டு, அவ்வழியால் வந்த ஒருவரிடம் போனைக் கொடுத்தாள். அவர் எடுத்தார்.

பின்னால் வெறும் சுவர். மூன்று பேர். நீ நடுவில். நாலாவது ஆளை நீ தேடவில்லை.

“இதுதான் ஆள்” என்றார் ஸ்டூடியோக்காரி. உன்னை வாழ்வில் கண்டிராத பெண், அப்படியே சொன்னார். “இதைப் போட்டால் பின்னால ஒண்டும் துடைக்கவும் தேவையில்லை.”

நான் வெளியே வந்து, காலி வீதி ஓரத்தில் நின்று உன் மகளை அழைத்தேன். நூற்றியோராம் நம்பர் பஸ் ஒன்று என் காலுக்குக் கிட்ட நின்று சனத்தை ஏற்றிக்கொண்டிருந்தது. அவள் வேலைக்குப் போகும் வழியில் இருந்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். மற்றதெல்லாம் அப்பனின் முகம் இல்லை, இது ஒன்றுதான் முகம் என்றேன். மெட்ரோவில் ஏதோ நிலையத்தின் பெயரை ஒரு பெண் குரல் இரண்டு தரம் சொன்னது.

“நான்தானே மாமா இழுத்துக்கொண்டுபோய் நடுவில விட்டனான்” என்றாள்.

பைத்தியமா என்று கேட்டிருக்கலாம். டொக்டர்கள் சொன்னதை, உன் இரத்தக் குழாய்களின் நிலவரத்தை எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அதெல்லாம் தெரியும், படித்த பிள்ளை. தெரிந்துகொண்டேதான் அந்தப் படத்தைத் தன் போனில் அழித்திருக்கிறாள். காப்புறுதி விற்றவனுக்கு ஒன்று தெரியும் மச்சான், பயத்துக்குக் கணக்குக் காட்டி ஒருவரையும் வென்றது கிடையாது. உன் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே ஓர் இடம் பார்த்து நுழைந்தால்தான் உண்டு.

“அதில மூண்டு பேர் இல்லைப் பிள்ளை, நாலு பேர்” என்றேன். “அண்டைக்கு லிஃப்டுக்குக் காத்து நிக்கேக்க நான் கேட்டனான், என்ன மச்சான் இண்டைக்கு எண்ணாமல் நிண்டிட்டாய் எண்டு. அவளையும் சேத்து நாலு எண்டவன். உன்ர அம்மாவை.”



“மாமா, நீங்கள் எல்லாத்தையும் கூட்டித்தானே சொல்றனீங்கள்” என்றாள். குரல் மெதுவாக வந்தது. “செத்த ஆக்களை அப்பா எண்ணுறேல்லையே.”

என் வாழ்நாளில் அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாய்த்ததில்லை. உன் மனைவி வெள்ளைச் சேலையில் மியூசியத்துப் படியிறங்கி வந்ததாக நான் சொல்லியிருப்பேன். நீ அந்தச் சுவரைத் தொட்டுக் கும்பிட்டாய், காவலாளி ஓடிவந்தான், அவனும் கண்ணைத் துடைத்தான் என்றிருப்பேன். நாக்கு நுனியில் அத்தனையும் வரிசையில் நின்றன. ஒன்றையும் விடவில்லை.

“இவவை எண்ணினவன்” என்றேன்.

அவள் அழத் தொடங்கினாள். நான் போனைக் காதில் வைத்தபடி, பஸ் புறப்பட்டுப் போய் அடுத்த பஸ் வந்து நிற்கும்வரை நின்றேன். அவளோடு சேர்ந்து அழ அது நல்ல இடம். வெள்ளவத்தையில் காலி வீதி ஓரத்தில் ஒரு கிழவன் அழுதால் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. ஆனால் எனக்கு வரவில்லை. கடைசியில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அப்ப அதையே போடுங்கோ மாமா” என்றாள்.

உள்ளே போய்ச் சொன்னேன். ஸ்டூடியோக்காரி எங்கள் இருவரையும் இரண்டு பக்கமும் வெட்டினார். உன் தோளில் ஒரு கை மட்டும் மிஞ்சியது. என்னுடைய கை, மோதிரத்தோடு. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து அதையும் எடுத்தார். என் விரல்கள் ஒவ்வொன்றாக உன் ஜாக்கெட்டுக்குள் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேர்த்தியான வேலை. நன்றாக இருக்கிறது என்றேன்.

*

இது இப்போது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம், ஆகவே உன்னிடம் சொல்லிவைக்கிறேன். லிஃப்டுக்குக் காத்து நின்றபோது நான் உன்னிடம் கேட்டது உண்மை. என்ன மச்சான் இன்றைக்கு எண்ணாமல் நின்றுவிட்டாய் என்று கேட்டேன். நீ சொன்ன மறுமொழியும் நினைவிருக்கிறது. “கால் உளையுதடா. கெதியா எடுத்து முடிச்சால் காணும் எண்டு நிண்டனான்.” இதுதான் நீ சொன்னது. உன் மனைவியின் பெயரை அந்தப் பயணம் முழுக்க நீ ஒரு தடவையும் எடுக்கவில்லை.

ஆட்சேபணை இருந்தால் சொல். இருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் அதுவும் நான் சொல்வதுதான்.

அட்டைகள் அச்சாகி வந்துவிட்டன. கொட்டாஞ்சேனைக்குக் கொடுத்தாகிவிட்டது. பாரிஸ் பங்கு ஒருவரின் பெட்டிக்குள் புறப்பட்டுப் போய்விட்டது. இனி மகள் விடமாட்டாள். நேற்று இரவும் அழைத்தாள். அப்பா அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டா சொன்னார், எங்கே பார்த்துக்கொண்டு சொன்னார் என்று கேட்டாள். சும்மாதான் சொன்னவன், லிஃப்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றவன் என்றேன். ஆடி மாதம் அவள் இங்கே வருவாள், அப்போதும் கேட்பாள். பேரப்பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கும் சொல்லச் சொல்லுவாள்.

நான் சொன்ன மற்றக் கதைகள் எல்லாம் ஆளுக்கு ஆள் வளர்ந்தவை மச்சான். ஒன்றையும் நான் கட்டிவைத்ததில்லை. எந்தக் கதை எந்த அளவில் நிற்கிறது என்று எனக்கே தெரியாது, கவலையும் இல்லை. இது மட்டும் வளரக்கூடாது. ஒரு சொல் கூடினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். காலையில் முகம் வழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்து ஒருதரம் சொல்லிப் பார்க்கிறேன். அவளையும் சேத்து நாலு எண்டவன். சரியாக இருக்கிறது. அதே நீளம்.